காலியாகத் திரும்பிய எண்ணெய்ப் போத்தல்

நேற்று மாலை முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். நுளம்பு கடிக்கிறது என்று அக்காவின் மகள், அவளுக்கே தலை நரைத்துவிட்டது, புல்லெண்ணெய் கொண்டுவந்து என் காலில் பூசினாள். பூசிக்கொண்டே கேட்டாள்: "உம்மா மவுத்தாகும் வரைக்கும் இந்த எண்ணெய வீட்டுக்குள்ள எடுக்கவே இல்ல. ஏன் மாமா?"

மணம் மூக்கில் ஏறியதும், கண்டியில் ஒரு புடவைக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த இருபது வயதுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு கடை பூட்டு. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அவவின் மாப்பிள்ளையான மச்சானும் நானும் காலையிலேயே கிளம்பிவிடுவோம். மழைக்காலம் என்றால் ஹந்தானை மலை. அங்கே எதிரி அட்டை. முழங்கால் வரை சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு ஏறுவோம். ஈரத்தில் நுரை தள்ளும் எங்கள் கால்களைப் பார்த்து தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்கள், "என்னங்க, குளிக்கவா போறீங்க?" என்று சிரிப்பார்கள்.

ஒரு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மகாவலி வற்றி, கெட்டம்பேயில் பாறைகள் எல்லாம் வெளியே வந்தன. எங்களுக்கோ கொண்டாட்டம். பாறைக்குப் பாறை தாவி, பாணும் சம்பலும் தின்று, பொழுது சாயும்வரை தூண்டில் போடுவோம். குழிகளில் தேங்கிய தண்ணீரில் நெளிந்தவற்றை மீன்குஞ்சு என்று நினைத்து நான் கையால் அள்ளிப் பார்த்தேன். நீங்கள் சிரிக்கக் கூடாது.

ராத்தா தேங்காயெண்ணெயில் புல்லெண்ணெய் கலந்து சின்னப் போத்தலில் தருவா. மச்சான் தொடமாட்டார்.

"கையில இந்த மணம் ஈந்தா மீன் கிட்டயும் வராது. ராத்தாட்ட செல்ல வாணாம் மச்சான், சரியா?" என்பார் என்னிடம்.

போத்தலில் மிச்சம் இருந்தால் ராத்தா பிடித்துவிடுவா. ஆகவே அவர் பங்கையும் நானே பூசிக்கொள்வேன், காது மடல் முதல் உள்ளங்கால் வரை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனதும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் ராத்தா போத்தலைக் கவிழ்த்துப் பார்ப்பா.

"அவரும் பூசினாரா தம்பி?"

"ஓ ராத்தா, நல்லாப் பூசினாரு."

எத்தனை ஞாயிறு சொன்னேன் என்று நினைவில்லை. கெண்டை பொரியும் வாசனையில் அது ஒரு பொய்யாகவே தெரியவில்லை.

பிறகு மச்சானுக்குக் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. கொயினா கொடுக்க வந்த அப்போதிக்கரி, ஆறு வற்றித் தேங்கிய குழிகளில்தான் இந்த நுளம்பு புழுவாக நெளிந்து பெருகுகிறது என்றார். கடித்தாலும் பெரிதாக உறைக்காதாம். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பதினோராம் நாள் மச்சான் மவுத்தானார். சந்தூக்கைத் தூக்கிய தோளில் பாரம் தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. மறுநாள் கடைக்குப் போய் வழக்கம்போலத் துணி அளந்தேன்.

இத்தாவில், கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் அந்த நாட்களில், அறைக்குள் இருந்த ராத்தா என்னைக் கூப்பிட்டா. மடியில் எட்டு மாதப் பிள்ளை.

"ஒவ்வொரு கிழமையும் பூசித்தானே போனாரு தம்பி. இந்த எண்ணெயில என்ன ஈக்கி?"

பிள்ளைக்குப் பூச வைத்திருந்த எண்ணெயையும் கழிவுநீர்க் கானில் ஊற்றச் சொன்னா. வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. போய் ஊற்றிவிட்டு வந்தேன். அந்த மாதமே பிள்ளைக்கும் காய்ச்சல் வந்தது. இருபது நாள் கிடந்தது, அல்லாஹ் காப்பாற்றினான். அப்போதும் நான் சொல்லவில்லை. பயம் என்று சொன்னால் நியாயமாக இருக்கும். ஆனால் பயம்கூட இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை.

இப்போது அந்தப் பாறைகளுக்கு இறங்கும் பாதை இல்லை. புடவைக்கடை இல்லை. மச்சானின் தூண்டிலை யார் கொண்டுபோனார்களோ. போன மாதம் ராத்தாவும் போய்விட்டா. எட்டு மாதப் பிள்ளையாக அன்று மடியில் கிடந்தவள் மட்டும் என் காலடியில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தாள்.

"உம்மாவுக்கு அந்த மணம் புடிக்காது மகள்," என்றேன்.

மற்றக் காலையும் நீட்டச் சொன்னாள். நீட்டினேன்.