ஒளித்து வைத்த பத்து வினாடி

டிராம் டிப்போவில் முப்பத்தோரு வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்த பொஹுமில், எந்தக் கம்பியிலும் அது தாங்கக்கூடிய முழுச் சுமையை ஏற்றியதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்துவிடுவார். அவர் கைபட்ட இணைப்பு எதுவும் கருகியதில்லை என்று செக் நாட்டின் பில்சென் நகரில் சொல்வார்கள். அவரைப் பற்றிச் சொல்லும்படியாக வேறு பெரிதாக எதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியங்களைத் தவிர.

அந்த மதியங்களில் அவரும் நண்பர் விலேமும் அவரவர் வீட்டுக் கணினியில் உலகப்போர்க் காலத்து விமானங்களை ஓட்டிச் சண்டை போடுவார்கள். விலேம் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மூன்றாம் மாடியில் முடங்கி நான்கு வருடம் ஆகிறது.

அந்த விளையாட்டில் முழு விசை கொடுத்தால் எஞ்சின் ஒரு நிமிடம்தான் தாங்கும். அதைத் தாண்டினால் எந்த வினாடியிலும் எச்சரிக்கை இல்லாமல் வெடிக்கும். விசையைக் குறைத்து ஆறவிட்டால் இன்னொரு நிமிடம் கிடைக்கும். சண்டைக்கு நடுவில் இருப்பவரால் கடிகாரம் பார்க்க முடியாது. கூடப் பறப்பவர்தான் எண்ண வேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம். முழு விசை கொடுத்ததும் "திறந்துட்டேன்" என்பார் விலேம். பொஹுமில் ஸ்டாப்வாட்சை அழுத்துவார். "அறுபது. மூடு" என்று அவர் சொன்னதும் விலேம் விசையைக் குறைப்பார்.

பொஹுமில் அதை ஐம்பதாவது வினாடியிலேயே சொல்லிவந்தார். கம்பிக்குச் செய்ததைத்தான் எஞ்சினுக்கும் செய்தார்.

அவர்கள் ஆடிய களத்தில் ஒருமுறை செத்தால் விமானியின் பெயரைத் தரவரிசைப் பலகையிலிருந்து அழித்துவிடுவார்கள். விலேமின் விமானி பதினான்கு மாதம் உயிரோடு இருந்தான். மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் எதிரி ஒருவன் அவரைப் பின்னாலிருந்து துரத்தினான். முன்னால் ஆறு தெரிந்தது. ஆற்றைத் தாண்டிவிட்டால் சொந்தப் பீரங்கிகள் காப்பாற்றும்.

"அறுபது. மூடு!"

விலேம் மூடினார். கரைக்கு இந்தப் பக்கமே குண்டு பட்டு விழுந்தார்.

"போச்சுடா," என்று சிரித்தார், இருமலோடு. "திறந்து வச்சிருந்தா எஞ்சின் வெடிச்சிருக்கும். ரெண்டுல ஒண்ணுதானே. நீ சரியாத்தான் எண்ணின, இல்ல?"

"ஆமா," என்றார் பொஹுமில்.

பிறகு அந்தச் சண்டையின் பதிவை ஓட்டிப் பார்த்தார். ஆறு இன்னும் ஏழு வினாடித் தூரத்தில் இருந்தது. உண்மையைச் சொல்லாமல் அடுத்த ஞாயிறு விலேமோடு பறக்க முடியாது என்று தோன்றியது. சனிக்கிழமை விலேமின் மூன்றாம் மாடிக்குப் படியேறினார்.

விலேமின் மனைவி ஹெட்விகா கசகசா பன் கொண்டுவந்து வைத்தார். "உங்களுக்கு ரெண்டு, அவருக்கு ஒண்ணு."

"டாக்டர் ரெண்டு திங்கலாம்னார். இவ ஒண்ணுங்கறா," என்றார் விலேம். "அவர் இருபது படி ஏறச் சொன்னா, இவ பன்னெண்டுலயே நாற்காலியப் போட்டுடுவா."

"பதிமூணாவதுல விழுந்தா யாரு தூக்கறது? நீங்களா?" என்று சொல்லிக்கொண்டே ஹெட்விகா உள்ளே போனார்.

பொஹுமில் பன்னைத் தொடவில்லை. "விலேம், அன்னிக்கு நான் சொன்னப்ப அறுபது ஆகல. ஐம்பதுதான். பத்து வினாடி கையில வச்சிருந்தேன். நீ ஆத்தத் தாண்டியிருப்ப."

விலேம் திட்டுவார் என்று பொஹுமில் எதிர்பார்த்தார். விலேம் பன்னில் ஒட்டியிருந்த கசகசாவை ஒவ்வொன்றாக விரலால் ஒற்றி எடுத்தார்.

"அன்னிக்கு மட்டுமா?"

"இல்ல. எப்பவும்."

"பதினாலு மாசமும்?"

"உன் நல்லதுக்குத்தான்யா…"

"அந்த வார்த்தைய இந்த வீட்டுல நிறையக் கேட்டாச்சு." விலேம் மூச்சுக்காக நிறுத்தினார். "அந்த வானத்துல மட்டும்தான் கடைசி வரைக்கும் போறேன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஒரு தடவகூடப் போகல, இல்ல? நீயும் நாற்காலி போட்டுட்டுதான் இருந்திருக்க."

பொஹுமில் சொல்ல வந்தது பத்து வினாடியைப் பற்றி. இங்கே பறிபோயிருந்தது பதினான்கு மாதம்.

மறுநாள் விலேம் புதிய பெயரோடு, சுழியத்திலிருந்து, களத்துக்கு வந்தார். பொஹுமில் அவர் பின்னால் கிளம்பினார். ஹெட்போனில் ஆக்சிஜன் கருவியின் சத்தம் மட்டும் கேட்டது. துரத்த யாருமில்லாத வெற்று வானில் விலேமின் விமானம் திடீரென்று விலகி முன்னே பாய்ந்தது. "திறந்துட்டேன்" என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் பொஹுமிலின் விரல் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டது.

ஐம்பது. வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அறுபது. அறுபத்தைந்து. எஞ்சினிலிருந்து கரும்புகை வெடித்துக் கிளம்பியது. விமானம் மூக்கைத் தாழ்த்தியது.

"எவ்வளவு?" என்றார் விலேம்.

"அறுபத்தேழு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான் விலேம்."

விமானம் வயலில் மோதி எரிந்தது. பிறகு விலேம் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

பொஹுமில் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.