வளைவில் யாரோ தூவிய மணல்

கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் படிக்கலாம். ஆனால் வனிதாவிடம் போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். லீவு வேண்டுமென்றால்கூட இல்லாத காய்ச்சலை எழுதத் தெரியாத பெண் அவள். சொந்த ஊர் கீரமங்கலம். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பைப் பார்க்கும் ஜூனியர் இன்ஜினியர். போன சித்திரையில், பட்டப்பகலில், சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும்போது அவளுக்கு நடந்தது இது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

குளத்தூர் பக்கம் பாறையை வெட்டி லைன் போட்ட இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. இரண்டு புறமும் ஆள் உயரத்துக்கு மேல் பாறைச் சுவர். அங்கே ரயில் வருவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். திரும்பும்போது சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசி, கிறீச்ச்ச்... என்று ஊரைக் கூட்டும். ஆடு மேய்க்கிறவர்களும், லைனில் வேலை செய்கிறவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒதுங்குவார்கள்.

ஆனால் உரசல் என்றால் தேய்மானம். அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த வனிதா அளந்து பார்த்தாள். வெளிப்பக்கத் தண்டவாளத்தின் விளிம்பு பாதி தேய்ந்து கிடந்தது. இப்படியே விட்டால் என்றைக்காவது ஒரு சக்கரம் ஏறிக் குதித்துவிடும். கிரீஸ் போடச் சொன்னாள்.

லைனில் ரோந்து போகும் டிராக்மேன் மலையாண்டிக்கு அது பிடிக்கவில்லை.

"இந்த வளைவுக்கு மட்டும் வேணாங்க மேடம். சத்தம் இருந்தாத்தானே நமக்கு உசுரு?"

"தண்டவாளம் போச்சுன்னா வண்டியில இருக்கிற எல்லாருக்கும் உசுரு போயிரும், மலையாண்டி."

அவள் சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. சனிக்கிழமை இரண்டு தண்டவாளத்தின் பக்கவாட்டிலும் கிரீஸ் தாராளமாகவே பூசினார்கள். சாயந்தரப் பாசஞ்சர் சத்தமே இல்லாமல் வளைவைக் கடந்தது. வனிதாவுக்குப் பெருமைதான். மலையாண்டி மட்டும் வண்டி போன பிறகும் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோந்து போன மலையாண்டி போன் செய்தார். தண்டவாளத்தின் தலைமேல் மணல் கிடக்கிறதாம்.

வனிதா போய்ப் பார்த்தாள். இரண்டு தண்டவாளத்திலும் கோடு இழுத்த மாதிரி மணல். அந்தப் பக்கத்துச் செம்மண் சரளை இல்லை. சலித்துக் காயவைத்த வெள்ளை மணல். எஞ்சின் மணல்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அத்தனை டன் எஞ்சினும் தண்டவாளத்தைத் தொடுவது சக்கரத்துக்கு ஒரு காசு அகலத்தில்தான். அந்த இடம் வழுக்கினால் பிரேக் போட்டும் பிரயோஜனமில்லை. அப்போது டிரைவர் ஒரு பட்டனை அழுத்துவார். எஞ்சினுக்கு அடியில் உள்ள பெட்டிகளிலிருந்து சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும். பிடிமானம் கிடைக்கும்.

விசாரித்தாள். அந்த வளைவில் எந்த டிரைவரும் பட்டனைத் தொடவே இல்லை. யாரோ பொடியன்கள் வேலை என்று கூட்டித் தள்ளச் சொன்னாள்.

திங்கட்கிழமை மறுபடியும் மணல். லைன் ஓரத்தில் அதே கல் கம்பத்தில் ஆரம்பித்து, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் அதே சிலீப்பர் கட்டையில் முடிந்திருந்தது. இம்மி பிசகவில்லை. வனிதா மணல் முடிந்த கட்டையில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமையும் மணல். மஞ்சள் குறியில் வந்து நின்றிருந்தது.

அன்றைக்குத்தான் மலையாண்டி வாயைத் திறந்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எழிலரசன்னு ஒரு அண்ணன் இங்கதான் அடிபட்டுச் செத்தாரு. அப்பவும் கிரீஸ் போட்டிருந்தோம். டிரைவர் பிரேக் போட்டாரு, மணல் பட்டனையும் அழுத்தினாரு. பெட்டியில மணல் இல்ல. அந்த டிரைவர் அதுக்கப்புறம் மனுசனாவே இல்லைங்க. வருசா வருசம் வந்து இந்தப் பாறையில மெழுகுவத்தி ஏத்திட்டுப் போவாரு."

"இப்ப வர்றதில்லையா?"

"பக்கவாதம் வந்து படுத்துட்டாருன்னு கேள்வி."

வனிதா குனிந்து மணலை ஒதுக்கி, தண்டவாளத்தின் தலையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசு என்றிருந்தது. கத்திரி வெயிலில் இளகிய கிரீஸ் பக்கவாட்டிலிருந்து மேலே ஏறி, சக்கரம் உருளும் இடமெல்லாம் பரவிவிட்டது. அங்கே யாரும் பிரேக் போடுவதில்லை. அதனால் அது யாருக்கும் தெரியவில்லை. இங்கே ஓர் எஞ்சின் அவசரமாக நிற்க வேண்டி வந்தால் நிற்காது.

புதன்கிழமை துடைத்துவிடுவது என்று முடிவு.

புதன், மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. அடுத்த வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம். வேஸ்ட் துணியும் மண்ணெண்ணெயும் எடுத்து வர மலையாண்டி ரயில்வே கேட் பக்கம் போக வேண்டியிருந்தது.

"உச்சி நேரத்துல தனியா நிக்காதீங்க மேடம். நீங்களும் வாங்க."

"அளந்து முடிச்சுடறேன். போயிட்டு வாங்க."

அவர் போனார். அவள் லைனுக்கு நடுவே உட்கார்ந்து அளவெடுத்தாள். அன்றைக்கு மட்டும் தண்டவாளத்தில் மணலே இல்லை. அதுவே அவளுக்கு என்னவோ போலிருந்தது.

சில்வண்டுச் சத்தம் நின்றது.

பாறை அனல் கக்கியது. ஆனாலும் அவள் கழுத்துக்குப் பின்னால் மட்டும் சில்லென்று...

சர்ர்ர்...

முதுகுக்குப் பின்னால்.

சர்ர்ர்ர்ர்...

அவள் எழுந்து திரும்பினாள். ஆள் யாரும் இல்லை. கல் கம்பத்தின் பக்கமிருந்து இரண்டு தண்டவாளத்தின் மேலும் மணல் விழுந்துகொண்டு வந்தது. யாரோ நடுவில் நடந்து, இரண்டு கையாலும் தூவிக்கொண்டு வருவது போல. காற்றில் ஒரு சாண் உயரத்திலிருந்து... வெள்ளையாக...

வந்தது. அவளை நோக்கி.

இடையிடையே மணல் நின்றது. அப்போதெல்லாம் கிரீஸில் ஓர் உள்ளங்கை பதிந்தது. ஐந்து விரலும் தெரிந்தது. தடுமாறி ஊன்றிக்கொள்கிற கை.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கால்... நகரவில்லை.

சர்ர்ர்...

பத்தடி.

ஐந்தடி.

அதற்குப் பின்னால், பாறை முனையில் எஞ்சின்.

கிறீச் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. வளைவைத் திரும்பிவிட்டது.

ஹாரன். பிரேக்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்...

கண்ணைத் திறந்தபோது எஞ்சினின் முகம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. இரண்டு மணல் கோடுகளும் அவள் காலடியில் முடிந்திருந்தன. குனிந்து பார்த்தாள். அவள் ஷூவுக்கு அடியில் மஞ்சள் பெருக்கல் குறி.

டிரைவர் இறங்கி வந்தார்.

"நின்னுருச்சா? சத்தியமா நிக்காதுன்னு நெனச்சேம்மா. மணல் போட்டதாலதான் நின்னுச்சு."

அது அட்டவணையில் இல்லாத ஒற்றை எஞ்சின். ரிப்பேருக்காக ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓடி வந்த மலையாண்டி மணல் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். எல்லாம் காலி. ஒன்றில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிரீஸ் முழுக்கத் துடைத்தாகிவிட்டது. தேய்ந்த தண்டவாளத்தை மாற்ற வனிதா மேலிடத்தில் சண்டை போட்டு அனுமதி வாங்கினாள். வளைவு பழையபடி கத்த ஆரம்பித்தது. மணல் அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஆனால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை மலையாண்டி வந்து நின்றார்.

"ஆவூர்ல ஒரு துக்கம் விசாரிக்கப் போறேங்க. நான் சொன்னேனே, அந்த டிரைவர் ஜெபமாலை. தவறிட்டாரு."

வனிதாவும் கூடப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அடக்கம் முடிந்து வீடு வெறிச்சோடிக் கிடந்தது. ஜெபமாலையின் மகள் ஜெனிபர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்ப ஆச்சு?" என்று வனிதா கேட்டாள்.

"புதன்கிழமைங்க. கோயில்ல பன்னெண்டு மணி அடிச்சு முடியவும் மூச்சு நின்னுச்சு."

வனிதா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சனிக்கிழமை ராத்திரியிலருந்தே ஒரு மாதிரிதாங்க இருந்தாரு. 'சத்தம் நின்னு போச்சு, சத்தம் நின்னு போச்சு'ன்னே பொலம்பினாரு." ஜெனிபர் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ரயில்வேதானே மேடம்? ஒண்ணு கேக்கவா? யாருகிட்டயும் இதச் சொல்லல."

"கேளுங்க."

"குளிப்பாட்டுறப்போ ரெண்டு கையையும் பிரிக்கவே முடியல. பிரிச்சா உள்ளங்கையெல்லாம் கறுப்பா, பிசுபிசுன்னு. நகத்துக்குள்ள வெள்ளை மணல். சோப்புப் போட்டுக் கழுவினோம், போகல. வெள்ளைக் கையுறை மாட்டி மறைச்சோம். பெட்டியை மூடுறதுக்குள்ள கையுறையும் கறுத்துருச்சு."

அவள் வனிதாவின் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டு வருசமா கட்டில விட்டு எறங்காத மனுசனுக்கு ஏது மேடம் கிரீஸு?"