ஆணியில் தொங்கிய பெல்ட்

பித்தளைப் பாலிஷின் நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலைதான் ஞாபகம் வரும். பழைய பனியன் துணியைச் சுருட்டிக்கொண்டு, பட்டாளத்தில் கட்டிய அகலமான தோல் பெல்ட்டின் "பக்கிளை"த் தேய்க்க அப்பா வாசலில் உட்கார்ந்தாரென்றால், அதில் தன் மீசை தெரியும்வரை எழுந்திருக்க மாட்டார். சுபேதாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர், மற்றதையெல்லாம் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வேட்டிக்கு மாறினார். பெல்ட்டை மட்டும் விடவில்லை. வெள்ளை வேட்டிக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு அவர் திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். "தூங்கும்போதாச்சும் கழட்டுறாரே, அம்புட்டுக்குச் சந்தோசம்" என்று அம்மா கேலி செய்வாள்.

அப்பா யாருக்கும் கும்பிடு போட மாட்டார், சல்யூட்தான். பழனி மலைமேல் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்க, இவர் குதிகால்களை ஒட்டி வைத்து முருகனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் அவரைக் கண்டால் விளையாட்டாகச் சல்யூட் அடிக்கும். மூக்கொழுகும் பொடிசாக இருந்தாலும், நின்று, திருப்பி அடித்துவிட்டுத்தான் நகர்வார். சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "நாம சல்யூட் அடிச்சா, எம்புட்டுப் பெரிய ஆபீசரும் திருப்பி அடிக்கணும் ஆத்தா. அதான் மரியாதை. கால்ல விழுந்தா எவனாச்சும் திருப்பி விழுவானா?" என்றார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டுத் தேர்தலில், சீட்டுக்காக அப்பா இருந்த கட்சியின் இரண்டு பெரும்புள்ளிகள் முட்டிக்கொண்டதில், பொதுவான ஆள் என்று அப்பாவை நிறுத்தினார்கள். "வளையாத முதுகுக்கே உங்கள் வாக்கு" என்று சுவர்சுவராக எழுதினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரும் தப்பவில்லை. அப்பா ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். விடிந்தால் வாசலில் கூட்டம். மல்லிகைத் தோட்டக்காரர்கள் வருவார்கள்; ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து, "ஏனுங்க, எம்மெல்லே இருக்காருங்களா?" என்று தக்காளி வியாபாரிகள் வருவார்கள். வந்தவர் யாராவது காலில் விழப்போனால், அப்பா வெந்நீரை மிதித்தவர்போலத் துள்ளி விலகி, "எந்திரிங்க, நான் என்ன சாமியா?" என்று சத்தம் போடுவார். வகுப்பில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பதவிக்காலம் முடிகிற நேரத்தில், மறுபடி அப்பாவுக்குச் சீட்டுக் கிடையாது என்று பேச்சுக் கிளம்பியது. கட்சித் தலைவரைப் பார்க்கச் சென்னைக்குப் போய்க் காத்துக் கிடந்துவிட்டு, பார்க்காமலே திரும்பினார். ஒன்றியச் செயலாளர் எங்கள் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, எல்லாரும் விழுகுறாங்க. நீங்க மட்டும் விறைப்பா நின்னா எப்புடி? தலைவர் மனசுல அது உறுத்துது. செத்த நேரம் குனிஞ்சு எந்திரிங்க, சீட்டு நமக்குத்தான்" என்றார். அப்பா பக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

அடுத்த வாரம் தலைவர் ரயிலில் திண்டுக்கல்லுக்கு வந்தார். நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் பட்டுப்பாவாடையோடு நின்றேன். அப்பா கஞ்சி போட்ட சட்டையில் புறப்பட்டு வந்தார். பெல்ட் முன்னறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. மறந்துவிட்டார் போல என்று எடுத்து நீட்டினேன்.

"இன்னைக்கு வேணாம் ஆத்தா. வயித்துல குத்தும்."

வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ரயிலடியில் கரைவேட்டிகள் வரிசை கட்டி நின்றன. தலைவர் இறங்கி நடந்துவர, ஒவ்வொருவராக விழுந்து எழுந்தார்கள். அப்பாவின் முறை வந்தபோது அவருடைய குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன. வலது கை தோள்வரை உயர்ந்து அங்கேயே நின்று, பிறகு இறங்கியது. அப்புறம் பூக்கூடைகள் சொட்டிய ஈரத்தில் குப்புற விழுந்தார். யாரிடமோ பேசிக்கொண்டே வந்த தலைவர் கீழே பார்க்கவில்லை. அப்பாவின் தலையைச் சுற்றிக் காலை எடுத்து வைத்துப் போய்விட்டார். அவர் போனது தெரியாமல் அப்பா அப்படியே கிடந்தார்.

அப்போதுதான் எனக்குப் பெல்ட் விளங்கியது. ஏதோ அந்த நேரத்துத் தடுமாற்றம் அல்ல. குப்புற விழுந்தால் பக்கிள் குத்துமே என்று வீட்டிலேயே யோசித்துக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவமானத்தில் என் முகம் கொதித்தது. பார்சல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அங்கே தேடி வந்த அப்பாவின் சட்டை முழுக்கச் சேறு. "வா ஆத்தா, பிரியாணி சாப்டலாமா?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சீட்டுக் கிடைத்தது, ஜெயிக்கவும் செய்தார். பள்ளிக்கூடத்துச் சுவரில் பழைய எழுத்து அழியாமல் கிடந்தது. "ஏலே, வளையாத முதுகு மக வாராடா!" என்று பையன்கள் கத்துவார்கள், புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவேன். தெருப்பிள்ளைகள் சல்யூட் அடித்தால் அப்பா இப்போது இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டார். கொஞ்ச நாளில் அதுகளும் விட்டுவிட்டன. பெல்ட்டை அவர் மறுபடி தொடவே இல்லை.

இப்போதெல்லாம் கட்சிக்காரர்கள் தலைவரின் கார் டயரைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள், அதைத் தாங்களே படம் எடுத்துச் செல்போனில் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். ஒருவருக்கும் கூச்சம் இல்லை. பார்க்கிற எனக்குத்தான் தலை கவிழ்ந்துவிடுகிறது.

முன்னறைச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. போன வருடம் அப்பா இறந்த அன்று, கட்சிக்காரர்கள் கொடி போர்த்துவதற்கு முன்னால், அம்மா அந்தப் பெல்ட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். பக்கிளில் என் முகம் தெரிந்தது. இத்தனை வருடமும் அவள்தான் துடைத்து வைத்திருக்கிறாள்.

"அவரே வேணாம்னு கழட்டுனதுதானேம்மா" என்றேன்.

"அன்னைக்குக் குனியணுமேன்னு கழட்டுனாரு" என்றாள் அம்மா. "இனிக் குனிய வேண்டியதில்லைல? கட்டி விடு ஆத்தா."