இல்லாத வீட்டை இடித்தவர்

யாருக்காவது வாடகை வீடு பார்க்கப் போனால், ஜெயராணி குழாயைத் திறந்துவிட்டு நூறு வரை எண்ணுவார். உதடு மட்டும்தான் அசையும். பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர், "ஒகேனக்கல் தண்ணிங்க, நிக்கவே நிக்காது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அறுபது தாண்டும்போது தண்ணீர் நூலாக இளைக்கும். எழுபதில் குழாய் இருமத் தொடங்கும். "காத்து நல்லா வருதுங்க" என்று சொல்லிவிட்டு, ஜெயராணி கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்து வாசல் அகலத்தை அளக்கப் போய்விடுவார். பீரோ நுழையாத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் பீரோவைத் தெருவிலேயே வைத்திருந்த குடும்பம் ஒன்றை அவருக்குத் தெரியும். "நாய் அதும்மேல ஏறிப் படுத்துக்கும். பொடவை எடுக்கணும்னா மொதல்ல நாயை எழுப்பணும்."

இதற்கெல்லாம் அவர் கமிஷன் வாங்குவதில்லை. அவருடைய வேலை வேறு. தருமபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினேழு வருடமாகச் சம்பளத்துக்கு இருக்கிறார். ஒரே ஒரு கோளாறு, எந்தக் காகிதத்தையும் படிக்காமல் நகல் எடுக்க அவரால் முடியாது. பின்னால் வரிசை நிற்கும். ஜெயராணி மூன்றாம் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருப்பார். "ஏம்மா, மெசின் படிச்சாப் பத்தாதா?" என்று கடை முதலாளி கத்துவார். படித்ததை ஜெயராணி மறப்பதும் இல்லை. எந்தத் திட்டத்தில் யாருக்கு வீடு, எந்தச் சான்று இருந்தால் எந்தச் சான்று தேவையில்லை என்பதெல்லாம் அவர் தலைக்குள் அடுக்கி வைத்தபடி இருக்கும். அதனால் வாடகை கொடுக்க முடியாதவர்கள், திடீரென்று காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள் எல்லாம் நகல் எடுக்கும் சாக்கில் அவரிடம் வருகிறார்கள்.

அவரும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். இந்த ஊரில் இது எட்டாவது வீடு. எட்டிலும் சுவரில் ஒரு ஆணி அடிக்க எந்த வீட்டுக்காரரும் விட்டதில்லை. அரசின் வாரியக் குடியிருப்புக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது, ஏனென்றால் அவர் கணவர் சொந்த வீட்டுக்காரர். பாப்பாரப்பட்டியில் மாமனார் வீட்டில் பதினொன்றில் ஒரு பங்கு கணவர் பெயரில் இருக்கிறது. ஒருநாள் ஜெயராணி நாடாவோடு போய் அளந்து பார்த்தார். "மாடிப்படியில ஆறு படி வருதுங்க. படுக்கணும்னா ஒருத்தர் காலு மேல ஒருத்தர் தல."

போன கார்த்திகையில் மாது வந்தார். தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர். மனைவி கோகிலவாணி, இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக்காரர் தன் மகள் வருகிறாள் என்று தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக அலைந்தும் மண்டிக் கூலிக்கு அடங்கிய வாடகையில் ஒரு அறைகூடக் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே வாரியம் கட்டி முடித்திருந்த அடுக்குமாடியில் வீடு கேட்டு மனுப் போட ஜெயராணி சொன்னார். அதற்கு, சொந்த வீடு இல்லை என்று ஒரு சான்று வேண்டும்.

சான்று கேட்கத் தாலுகா ஆபீஸ் போன மாது அரை மணி நேரத்தில் வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார்.

"அக்கா, எனக்கு வூடு இருக்குதாம்."

"எங்க?"

"ஏரியூர் பக்கம், எங்க ஊருலயே. கம்ப்யூட்டர்ல இருக்குதுங்கறாங்க. கவர்மெண்டு கட்டிக் குடுத்த வூடாம்."

ஒன்பது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் படமும் கையெழுத்தும் வாங்கிப் போனது அவருக்கு மங்கலாக நினைவிருந்தது. அந்த வாரமே கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டார். அதன்பின் ஊர்ப் பக்கம் போக வேலை ஏதும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஜெயராணி மாதுவையும் கோகிலவாணியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஏரியூரில் இறங்கி இன்னொரு வண்டி பிடித்து, ஊர் எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தார்கள்.

"மாது வூடுங்களா? இப்படியே போங்க. பாறை தாண்டுனதும் மொதல் வூடு. இங்க யாரு கேட்டாலும் மாது வூட்டாண்ட லெப்டுல திரும்புன்னுதான் சொல்லுவோம். நீங்க யாருங்க?"

"நான்தாங்க மாது."

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி வருசமா வெறும் பேராத்தான இருந்தீங்க" என்றார்.

பாறைக்கு அப்பால் ஒரு சுவர் நின்றது. ஒரே ஒரு சுவர். ஆள் உயரம், பூசி, வெள்ளையடித்து, நடுவில் மஞ்சள் கட்டத்துக்குள் திட்டத்தின் பெயர், பயனாளி மாது, அவர் அப்பா பெயர், வருடம், சதுர அடி என்று எல்லாம் பிழையில்லாமல் எழுதியிருந்தது. சுவருக்கு முன்னாலும் வெளி, பின்னாலும் வெளி. படம் பிடிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கட்டியிருந்தார்கள். பின்பக்கம் யாரோ வரட்டி தட்டியிருந்தார்கள். மாது சுவரைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். கோகிலவாணி தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார்.

திங்கட்கிழமை படத்தோடு தாலுகா ஆபீஸ் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். செல்போனைப் பெரிதாக்கிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "ஆனா அம்மா, கட்டி முடிச்சதா ரெக்கார்டு இருக்குது. இருக்கற வூட்டை இல்லைன்னு நான் எப்படிங்க எழுதறது? மேல எழுதிக் கேக்கறேன். பதில் வர ரெண்டு வருசம் ஆகும்."

தை பிறக்க ஆறு வாரம் இருந்தது. ஜெயராணி கடைக்கு வந்து, வீட்டு மனுப் படிவத்தை எடுத்து முதலிலிருந்து மறுபடி படித்தார். வரிசையில் நின்றவர்கள் சண்டை போட்டார்கள், முதலாளி மின்விசிறியை அணைத்துப் பார்த்தார், அவர் நிமிரவில்லை. நான்காம் பக்கத்தில், எறும்பளவு எழுத்தில், அந்த வரி கிடைத்தது. சொந்த வீடு இடிந்து, குடியிருக்க இயலாத நிலையில் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம்.

"மாது," என்று போன் போட்டார், "உங்க வூடு வுழுந்துடுச்சு."

"ஐயையோ, எப்பங்க்கா?"

மனுவை ஜெயராணியே எழுதினார். மேற்படி வீடு தற்போது குடியிருக்கும் நிலையில் இல்லை, ஒரு சுவர் மட்டுமே காணப்படுகிறது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று அவர் இன்றும் விரலை உயர்த்திச் சொல்வார்.

பத்தாம் நாள் ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். சுவரை அளந்தார். மற்ற மூன்று சுவர்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தையும் அளந்தார்.

"எப்ப வுழுந்துச்சு?"

"தெரியலைங்க. நாங்க பாக்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்றார் ஜெயராணி.

"உள்ள சாமான் ஏதாச்சும்?"

"நல்லவேளைங்க, ஒண்ணும் வெக்கல" என்றார் மாது.

மேற்கூரையும் மூன்று சுவர்களும் முற்றிலும் சேதம், உயிர்ச்சேதம் இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். யாரும் கேட்காமலேயே அவரே, "செங்கல்லு கூட கெடக்கலையே, யாரோ தூக்கிட்டாங்க போல. காலம் கெட்டுப்போச்சு" என்று வருத்தப்பட்டார்.

மாது, கோகிலவாணி, ஜெயராணி மூவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். பென்னாகரம் தாண்டியதும் மாது மெல்லக் கேட்டார்.

"அக்கா, கெழக்கு பாத்த வாசல்தான?"

"வாசலே இல்லையே மாது."

"இருந்திருந்தா கெழக்குதாங்க்கா பாத்திருக்கும். அந்தப் பாறைப் பக்கம் காத்து நல்லா வரும். ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரு ரூம்பு வுட்டிருக்கலாம்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயராணிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. மாதுவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, டவுன் வரும்வரை கோகிலவாணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் ஜெயராணி பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். இதை அவரே எல்லோரிடமும் சொல்கிறார். "ரெக்கார்டுல கட்டுன வூடுங்க சாமி, ரெக்கார்டுலயே வுழுந்துடுச்சு. நான் ஒரு செங்கல்லைத் தொடல. இது பாவமான்னு கேட்டேன். சாமி ரொம்ப நேரம் இருமினாரு."

மார்கழிப் பாதியில் ஒதுக்கீட்டு ஆணை வந்தது. பயனாளி கட்ட வேண்டிய பங்குப் பணத்துக்குக் கோகிலவாணியின் மகளிர் குழு கடன் கொடுத்தது. மார்கழி என்றுகூடப் பார்க்காமல், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது மூன்றாவது மாடியில் பால் காய்ச்சினார்கள். ஜெயராணி அழைக்கப்பட்ட ஒரே விருந்தாளி. குழாய் நூறு வரைக்கும் ஒழுங்காக வந்தது. பிள்ளைகள் அறைக்கும் அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மண்டியில் கொடுத்த தினக் காலண்டரை ஒரு கையிலும் ஆணிப் பொட்டலத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு கோகிலவாணி சுவருக்கு முன்னால் நின்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். கதவுப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, ஆணி அடிக்கணும். யாரைக் கேக்கறதுங்க?"

ஜெயராணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூலையில் இருந்த அம்மிக் குழவியைத் தூக்கினார். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது இறங்கியது, கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. கீழ்வீட்டிலிருந்து யாரோ, "யாருங்க அது?" என்று குரல் கொடுத்தார்கள். மூன்றாவதையும் அடித்தார். மாட்டுவதற்கு இருந்தது ஒரே ஒரு காலண்டர்தான். கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல், ஜெயராணி நான்காவது ஆணிக்குக் கையை நீட்டினார்.