சாயாவில் செந்தூரம்

ஊரில் எல்லாப் பையன்களுக்கும் வீட்டுக்குள்ளேயோ குளத்தங்கரையிலோ குரல் உடையும். எனக்கு உடைந்தது ஒரு பொதுக்கூட்டத்தில், பெஞ்சின்மேல் நின்றுகொண்டு, ஒரு சந்தை முழுக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எல்லைக் கிளர்ச்சி நடந்த வருஷங்கள் அவை. பாறசாலையைச் சுற்றி எந்த முக்கில் பார்த்தாலும் ஒரு மேடை இருக்கும். எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு கட்சி, இருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும் என்று இன்னொரு கட்சி. என் தாய்மாமா முதல் கட்சி. அவர் போகிற கூட்டங்களில் வாழ்த்துப் பாட்டு பாடுவது நான். எனக்குப் பதிமூன்று வயது. உச்ச ஸ்தாயியில் நான் இழுக்கும்போது சைக்கிளில் போகிறவன்கூட ஒரு காலை ஊன்றி நின்றுவிடுவான் என்று மாமா எல்லாரிடமும் சொல்வார். நானும் அதை நம்பி, பாட்டின் நடுவே எத்தனை சைக்கிள் நிற்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

அன்றைக்குப் பெருங்கடவிளைச் சந்தையில் கூட்டம். இரண்டாவது அடியில் குரல் மேலே ஏறவில்லை. தகரத்தில் கல்லைத் தேய்த்தமாதிரி ஒரு சத்தம் கேட்டது; அது என்னிடமிருந்துதான் வந்தது என்று புரிய எனக்கே கொஞ்சம் நேரமாயிற்று. மறுபடி இழுத்தேன். இந்தத் தடவை மாமாவின் குரல்போல ஒன்று கிளம்பி, பாதி வழியில் ஆட்டுக்குட்டியாகிவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் கட்சிக்காரர்களும் சிரித்ததுதான் தாங்கவில்லை.

என் அம்மை மூன்று நாள் நல்லமிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குரல் திரும்பவில்லை. நாலாம் நாள் மாமா என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்.

“எலே மக்கா, உள்ளதைச் சொல்லு. வெளிய எங்கயாம் வாய் நனைச்சியா?”

“பள்ளிக்கூடத்து முக்குல சாயா குடிச்சேன்.”

“சேட்டனுக்க கடையிலயா? அவன் ஒனக்கு எதுக்குல சாயா தாறான்?”

“பாட்டுப் பாடினா தருவாரு.”

“எந்தப் பாட்டு?”

“நம்ம பாட்டுதான்.”

சாயாக்கடைச் சேட்டன் மலையாளி, எதிர்க்கட்சி. அவர் கடைச் சுவரில் அந்தக் கட்சியின் நோட்டீஸ்தான் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்டவர் எங்கள் கட்சிப் பாட்டைப் பாடச்சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுச் சாயா தருகிறார் என்றால் அதை மாமா எப்படி எடுத்துக்கொள்வார்? அவர் முகம் மெல்ல மெல்ல இருண்டதைப் பார்த்தேன்.

“செந்தூரம்,” என்றார். “பாடுறவனுக்குச் செந்தூரத்தைக் கலக்கிக் குடுத்தா தொண்டை அத்துப்போவும். இது பழைய வேலையாக்கும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து ஊர் கொல்லயிலிலிருந்து கட்சி ஆள் வரும், சேட்டனுடைய கடை இனி அந்த முக்கில் இருக்காது என்று அன்றே முடிவாகிவிட்டது. முடிவு பண்ணினவர்களில் ஒருவர்கூடக் கடைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இரண்டு பயம். ஆயுசு முழுக்க இப்படித்தான் தகரமாகப் பேசுவேனோ என்பது ஒன்று. நான் வாயைத் திறந்ததால் ஒரு மனுஷனின் கடை போகப்போகிறதே என்பது இன்னொன்று. சேட்டன் விஷம் வைப்பவர் இல்லை என்று நம்பினேன். வைத்திருப்பாரோ என்றும் நம்பினேன். அந்த வயசில் இரண்டையும் சேர்த்து நம்ப முடிந்தது.

வியாழக்கிழமை சுகாதாரப் பாடம். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீள ஓலைக் கட்டடம். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் தமிழ் வகுப்பு, அந்தப் பக்கம் மலையாள வகுப்பு. புத்தகம் ஒன்றுதான், பாஷைதான் வேறு. அதில் வளர்கிற பிள்ளைகளின் உடம்பைப் பற்றி ஒரு பாடம் உண்டு. எங்கள் சார் நல்ல மனுஷர், ஆனால் கூச்சம் கூடுதல். வருஷ முதல் நாளே அந்த இரண்டு தாளையும் கஞ்சிப்பசை போட்டு ஒட்டச் சொல்லிவிட்டார். நாங்களும் பரீட்சைக்கு வராத பாடம் என்ற சந்தோஷத்தில் நன்றாக அழுத்தி ஒட்டினோம். அன்றைக்கு அந்த இடம் வந்ததும், “அடுத்தது கொசு,” என்று சொல்லிப் பலகையில் கொசு வரைய ஆரம்பித்தார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் டீச்சர் அதே பாடத்தில் இருந்தார். அவர் ஒட்டவில்லை. கொசுவுக்கு ஆறு கால் போடும் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

“ஈ பிராயத்தில் ஆண்குட்டிகளுடெ ஒச்ச மாறும். அது ரோகமல்ல. ஆரும் பேடிக்கேண்ட.”

இந்த வயசில் பையன்களின் குரல் மாறும், அது நோய் இல்லை, பயப்படவேண்டாம். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கை கால் எல்லாம் லேசாகிவிட்டது. தட்டியில் காதை வைத்ததற்குச் சார் ஒரு சாக்பீஸ் துண்டை என்மேல் எறிந்தார். அது பட்டது எனக்குத் தெரியவேயில்லை.

மணி அடித்ததும் ஓடினேன். “மாமா, செந்தூரம் இல்ல. இது வயசாக்கும்.”

“ஆரு சொன்னா?”

“டீச்சர்.”

“ஏது டீச்சர்?”

“தட்டிக்கு அந்தப் பக்கத்து டீச்சர்.”

மாமா சிரித்தார். “அவ சேட்டனுக்க கட்சியல்லவா? அவனைக் காப்பாத்தாம பின்ன என்ன சொல்லுவா?”

“நம்ம புத்தகத்திலயும் உண்டு மாமா.”

கொண்டுவந்து காட்டினேன். பசையைப் பிரிக்கப் பிரிக்க எழுத்தெல்லாம் எதிர்த்தாளோடு போயிற்று. மிஞ்சியது ‘குரல்’ என்ற ஒரு வார்த்தையும் பாதி எலும்புக்கூடும். மாமா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, “நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாறேன். தமிழ்ச் சார் தமிழ்ல சொல்லட்டு. அப்பம் நம்புதேன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து நின்றார். கடை உடைகிற நாளில் பள்ளிக்கூடமும் சேர்ந்து உடையவேண்டாமே என்று தலைமையாசிரியர் யோசித்திருக்கவேண்டும். தட்டியைக் கழற்றச் சொன்னார். இரண்டு வகுப்பும் ஒன்றாக உட்காரட்டும், டீச்சர் மலையாளத்தில் சொல்லட்டும், சார் அதைத் தமிழில் சொல்லட்டும். மாமா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டி இடித்தது, குறுக்காகத் திரும்பி உட்கார்ந்தார்.

முதலில் பையன்கள். குரல் மாறும், மீசை அரும்பும், வேர்வை கூடும். சார் தொண்டையைச் செருமிக்கொண்டே சொல்லி முடித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மாமா தலையை ஆட்டினார். எனக்கு அதுபோதும், எழுந்து சேட்டன் கடைக்கு ஓடலாம்போல இருந்தது. ஆனால் பாடம் முடியவில்லை.

அடுத்தது பெண்பிள்ளைகள். டீச்சர் நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். பின்னால் எவனோ களுக்கென்று சிரித்தான். டீச்சர் கோபப்படவில்லை. “சிரிச்சோ. சிரிச்சு தீர்ந்நிட்டு கேட்டா மதி,” என்றார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டால் போதுமாம்; அவன் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. பிறகு எல்லாரும் சாரைப் பார்த்தார்கள்.

“பெண்களுக்கும் அதுபோலச் சில மாறுதல்கள் உண்டு,” என்றார் சார்.

மாமா எழுந்தார். “சார், ஒரு சம்சயம். டீச்சர் பத்து வரி பறைஞ்சாங்க. நீங்க ஒரு வரி சொல்லுதீங்க. பாக்கி ஒம்பது வரி தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேண்டாமா?”

“வேணுமா தம்பி?” சாரின் குரல் கெஞ்சியது.

“முழுசும் வேணும். மலையாளத்தில் உள்ளது தமிழ்ல ஒரு வரி குறையப்பிடாது.”

சார் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். எந்தச் சொல்லையும் அவர் முன்னே பின்னே வாய்விட்டுச் சொன்னதில்லை என்று தெரிந்தது. ஒவ்வொன்றையும் தேடி எடுத்துவைத்தார். “மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் போவும். அது காயம் இல்ல. சீக்கு இல்ல. பாவமும் இல்ல.” கடைசி வரியை டீச்சர் சொல்லவில்லை, சாராகச் சேர்த்தார். முன் பெஞ்சில் ஒரு பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் சாருக்குப் பயம் தெளிந்துவிட்டது. நமக்குப் பிடிக்காத விதமாக ஒருத்தர் தொட்டால், அவர் எவ்வளவு பெரியவரானாலும் சொந்தக்காரரானாலும், வேண்டாம் என்று சொல்லலாம், வந்து எங்களிடம் சொல்லவேண்டும் என்று டீச்சர் முடித்தபோது, சார் அதை ஜன்னலைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து, இரண்டு தடவை சொன்னார்.

சாயங்காலம் கொல்லயில் ஊர் ஆள்கள் கம்போடு வந்தார்கள். “செந்தூரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பய வளருதான்,” என்று மாமா திருப்பி அனுப்பினார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு சேட்டன் கடைக்கே போய் உட்கார்ந்தார். இரண்டு சாயா சொன்னார்.

“மோனே, பாட்டு எந்தா நிறுத்தியே?” என்று சேட்டன் என்னைக் கேட்டார்.

“அவனுக்குத் தொண்டை மாறுது. ஒரு வருஷம் ஆவும்,” என்றார் மாமா, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

“அது எனிக்கறியாம். என்றெ மகனும் இங்ஙனெ தன்னெ ஆயிருந்நு. சோதிச்சிருந்நெங்கில் பறஞ்ஞேனே.”

தன் மகனுக்கும் இப்படித்தான் ஆயிற்றாம், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். மாமா சாயாவை ஊதிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தச் சாயாவைப்போல ருசியான ஒன்று பிறகு கிடைத்ததில்லை. என் குரலும் இருந்தது, கடையும் இருந்தது.

எல்லைக் கோடு போட்டபோது எங்கள் ஊர் கேரளத்துப் பக்கமே நின்றுவிட்டது. நான் இப்போது திருவனந்தபுரத்தில் உயிரியல் படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் சொல்லித்தரவேண்டுமா என்று விடுதியில் யாராவது வாதம் தொடங்கினால் இந்தக் கதையைச் சொல்வேன். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் அவர்களிடம் நான் சொல்லாத ஒரு பகுதி உண்டு.

அந்தப் பாடம் இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை நடந்தது. இரண்டுக்கும் மாமா வந்தார். வழக்கு தீர்ந்தபிறகும் எதற்கு வருகிறார் என்று பையன்கள் கேட்டார்கள். தமிழுக்குக் காவல் என்று பெருமையாகச் சொன்னேன். முடிந்தபிறகு அவர் வாசலில் நின்று சாரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பார். சார் ஜன்னலைத் தேடுவார்.

அந்த ஆவணியில் மாமாவுக்குக் கல்யாணம். மாதத்தில் சில நாள் மாமி வீட்டுக்குப் பின்னால் இறக்கிய சாய்ப்பில் தனியாக இருப்பாள். அந்த நாள்களில், கூட்டத்துக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டபிறகும் மாமா அடுக்களைக்குப் போய் வெந்நீர்ச் செம்பைத் தானே தூக்கிக்கொண்டு சாய்ப்புக்குப் போவார். அங்கேயே படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். வெளியே ஆள்கள் காத்துக்கொண்டு நின்று கேலி பண்ணுவார்கள். மாமாவுக்குக் கட்சியில் பழைய சூடு இல்லையே என்று எனக்கு அப்போது கோபமாக வரும்.