சொந்த விருப்பத்தின் பேரில்

ராஜபாளையத்தில் தலைமையாசிரியராக இருந்தபோது, மூளையில் அடிபட்ட ஒரு மாணவியைப் பள்ளியை விட்டு அனுப்பினேன். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்ட வேண்டும். அதற்காகத்தான்.

சாலை விபத்தில் சிக்கி, இரண்டு மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியவள் அவள். நடையும் பேச்சும் பழையபடி இருந்ததால் மூளையில் பாதிப்பு என்றதை நாங்கள் யாரும் நம்பவில்லை. காலையில் படித்தது மதியம் நினைவில் இருக்காது. வகுப்பில் சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள்.

"நல்லா நடிக்கா சார்" என்றார் கணக்கு ஆசிரியர். "அடிபட்டது தலையில. வாய் எம்புட்டு நீளுது பாருங்க!"

நானும் சிரித்தேன்.

அரையாண்டில் நான்கு பாடங்களில் தோற்றாள். அவளுடைய அம்மாவை வரச் சொன்னேன். மில் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு வந்தார்.

"நேரம் கூடக் குடுத்தா எழுதிருவா சார். டாக்டரே சீட்டு எழுதிக் குடுத்திருக்காக."

அந்தச் சீட்டை நான் பிரிக்கவே இல்லை. "டி.சி. வாங்கிக்கோங்க. தனித்தேர்வரா எழுதட்டும். பேரு கெடாது."

"யாரு பேரு சார்?"

ஒரு தாளை நீட்டினேன். 'சொந்த விருப்பத்தின் பேரில்' மகளை அழைத்துப் போவதாக நான் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்துப் போட்டார். வெளியே அனுப்புகிற எல்லோரிடமும் அப்படித்தான் வாங்குவோம். அந்த ஆண்டு பேனர் கட்டினோம். அவள் தேர்வே எழுதவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையில் அவளைப் பார்த்தேன். அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, டி.சி. சார் வந்திருக்காரு" என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கூடுதல் நேரமும், அவள் சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றேன்.

"உங்க மனசு ஆறணும்னு எம்மக பரீச்சை எழுதணுமாக்கும்?" என்றார் அம்மா.

"எழுதுதேம்மா" என்றாள் மகள். "ஆனா இவரு எனக்குப் பாடம் சொல்லித்தரக் கூடாது. ஆபீசுக்கு மட்டும் அலையட்டும்."

அலைந்தேன். மருத்துவச் சான்றிதழுக்கு நான்கு முறை, கல்வி அலுவலகத்துக்கு ஆறு முறை. அனுமதி கிடைத்தது.

தேர்வு முடிவு வந்த அன்று அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினாள்.

"மூணு பாஸ். ரெண்டு பாக்கி. அடுத்த தடவை எந்த ஆபீசு, எந்த ஃபாரம்னு எனக்கே தெரியும். இனிமே நீங்க வராதீக."

மீதி இரண்டையும் எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் இல்லை.