வெள்ளையாய் விழுந்த படங்கள்

எண்பதுகளில் ஒரு பங்குனி மாதம். வத்தலக்குண்டுக்கு அருகே மலையில் காட்டுத்தீ பிடித்திருந்ததால் எங்கள் பஸ்ஸைச் சாலையிலேயே நிறுத்திவிட்டார்கள். புகை மூடிய மலையைப் படம் பிடிக்க, கல்லூரியில் படிக்கும் என் மகள் கேமராவுடன் இறங்கினாள்.

"பகல்ல எதுக்குடி ஃபிளாஷ்? பேட்டரி தீந்துரும்."

"வெளிச்சம் பத்தலப்பா. செத்த நேரம், வந்துர்றேன்."

காற்று திசை மாறியது. சட்டென்று புகை இறங்கி, அவள் நின்ற பொட்டலே மறைந்துவிட்டது. பெயர் சொல்லிக் கத்தினேன். இருமல் மட்டும் கேட்டது. எந்தப் பக்கமென்று தெரியவில்லை. கண்மண் தெரியாமல் ஓடப்போன என்னைக் கண்டக்டர் பிடித்து நிறுத்தினார்.

"பதறாதீங்க சார். அங்க பாருங்க, வெளிச்சம்!"

புகைக்குள் ஏதோ மின்னி மறைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் மின்னியது. அதைப் பார்த்தே ஓடி, அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"கத்த முடியலப்பா, அதான் ஃபிளாஷ அடிச்சேன்" என்றாள் இருமிக்கொண்டே. "பேட்டரி தீந்துபோச்சு. திட்டாத."

ஃபிலிமைக் கழுவியபோது எல்லாப் படங்களிலும் வெறும் வெள்ளைப் புகை. கடைசிப் படத்தில் மட்டும் நான், வாயைப் பிளந்து, கைகளை நீட்டியபடி வந்துகொண்டிருக்கிறேன். இன்றும் அவள் வெளியூர் கிளம்பினால் எனக்குக் கவலைதான். அப்போதெல்லாம் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். தான் இருக்கும் இடத்தை அவள் எப்படியும் எனக்குக் காட்டிவிடுவாள்.